வீட்டோ: தடுப்புரிமையா, தடுப்பு வலுவா?

லத்தீனில் ‘வீட்டோ’ ஒரு முழு வாக்கியம்: ‘தடுக்கிறேன்’. நம் வினைமுற்று போலவே ‘நான்’ சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. பழைய ரோமில் சாமானியர்களின் பிரதிநிதிகளான திரிபூனர்களுக்கு, செனட்டின் முடிவையே நிறுத்திவைக்கும் அதிகாரம் இருந்தது. அதோடு ஒட்டிக்கொண்ட சொல் இது.

தமிழில் ‘ரத்து அதிகாரம்’ என்று எழுதுவதுண்டு. பொருந்தாது. நடப்பில் இருப்பதைத்தான் ரத்து செய்யலாம். வீட்டோ முடிவைப் பிறக்கவே விடாது. ஐ.நா. பாதுகாப்பு சபைக்குத் ‘தடுப்புரிமை’ சரி. 5 நாடுகளுக்குச் சாசனமே தந்த உரிமை அது (சாசனத்தில் ‘வீட்டோ’ என்ற சொல்லே இல்லை என்பது வேறு கதை).

நாடுகள் சேர்ந்து நடத்தும், நாடுகளுக்குக் கடன் தரும் வளர்ச்சி வங்கிகளில் அந்தச் சொல் இடறுகிறது. அங்கே எல்லாம் வாக்குக் கணக்கு. பெய்ஜிங்கிலுள்ள ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியில் தலைவர் தேர்வு, மூலதன உயர்வு, விதித் திருத்தம் ஆகியவற்றுக்கு ஆளுநர்களில் (உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள்) மூன்றில் இரு பங்கினர் ஆதரிக்க வேண்டும். அவர்கள் கையில் மொத்த வாக்கில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். சீனாவிடம் சுமார் 26.5. மீதி எல்லோரும் கைகோத்தாலும் 73.5தான் தேறும். புது உறுப்பினர்கள் சேரச் சேர இந்தப் பங்கு கரையும். 25-க்கு இறங்கினால் போயிற்று. கரையக்கூடியதை உரிமை என்பானேன்? ‘தடுப்பு வலு’ என்பதே பொருத்தம். இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கியில் அமெரிக்கா வைத்திருக்கும் 30 சதவீதமும் வாக்குக் கணக்கால் வரும் வலுதான், ஆனால் அது கரையாதபடி வங்கியின் விதியே காக்கிறது.

மணிலாவிலுள்ள ஆசிய வளர்ச்சி வங்கியில் மூலதனப் பங்கையும் வாக்கையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். ஜப்பான், அமெரிக்கா இரண்டுக்கும் தலா 15.57 சதவீதப் பங்கு. ஆனால் வாக்குகளில் 20 சதவீதம் எல்லா உறுப்பினர்களுக்கும் சமமாகப் பிரியும். மிச்சம் 80தான் பங்குப்படி. 15.57-இல் 80 சதவீதம் 12.46, சமப்பங்கில் கிடைப்பது 0.29, ஆக 12.75. விதித் திருத்தத்துக்கு அங்கும் 75 சதவீத வாக்கு வேண்டும் என்பதால், தனியாக யாராலும் அதைத் தடுக்க முடியாது. இருவரும் சேர்ந்தால் 25.5, அப்போது முடியும்.

இன்னொன்று: கடன் ஒப்புதலுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ‘கடனை வீட்டோ செய்தது’ என்ற செய்தி பெரும்பாலும் பிழை. 2009-இல் இந்தியாவுக்கான ஆசிய வளர்ச்சி வங்கித் திட்டத்தில் அருணாசலப் பிரதேசத்துக்கு 6 கோடி டாலர் இருந்தது. சீனா எதிர்த்தது, அதன் வாக்கு சுமார் 5.5 சதவீதமே. திட்டத்தை இயக்குநர் குழு ஏற்றது, ஆனால் அருணாசலத்துக்கு அந்தப் பணம் போகவில்லை. வாக்கே இல்லாமல் நடந்த இதற்கு ‘முட்டுக்கட்டை’ என்ற நம் பழைய சொல் போதும்.