நிலவறையில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் வழி

பாளையங்கோட்டைப் பக்கம் முன்பு வயலாகக் கிடந்த மனையில் நிலவறை கட்டினால், மழையே பெய்யாத நாளிலும் சுவரோரம் தண்ணீர் ஊறலாம். பிசானம் என்னும் மழைக்கால நெல் சாகுபடிக்கு வாய்க்கால் ஓடி, குளமும் பெருகிவிட்டால் நிலத்தடி நீர்மட்டம் ஏறும். அறையின் தரை அதற்குக் கீழே இருந்தால் தண்ணீர் உள்ளே வந்தே தீரும். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி என்னும் செம்மணல் மேட்டில் இந்தத் தொல்லை குறைவு.

ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒரு டன் அளவுக்கு அழுத்தும். ஆறு அங்குலக் கான்கிரீட் தரையின் எடை சதுர மீட்டருக்கு 375 கிலோதான். வெளியே நீர்மட்டம் அறைத் தரைக்கு மேல் ஒரு மீட்டர் ஏறினால், சுவரோடு கம்பி கட்டிப் பிணைக்காத தரை மேலே தூக்கி வெடிக்கும். உள்பக்கம் அடிக்கிற வாட்டர்ப்ரூஃப் பூச்சு நிற்காததும் இதனால்தான். பின்னாலிருந்து வரும் அழுத்தம் அதை உரித்துவிடும். அதற்குப் போடும் காசு பெரும்பாலும் வீண். மண்ணில் இருக்கும் தண்ணீரின் மட்டத்தையே இறக்க வேண்டும்.

முதலில் ஈரம் எதனால் என்று பாருங்கள். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நனைந்தால் கசிவு. முன்பக்கம் வேர்த்தால் காற்றின் ஈரம். அதற்குக் காற்றோட்டம் போதும்.

அடுத்தது மொட்டைமாடித் தண்ணீர். 1000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9000 லிட்டருக்கு மேல் இறங்கும். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், இடம் இல்லாதவர்கள் மழைநீரை மண்ணில் இறக்கும் குழியைச் சுவரை ஒட்டியே தோண்டிவிடுகிறார்கள். நிலவறை உள்ள வீட்டில் அது வினையை விலைக்கு வாங்குவது. குழியைப் பத்தடியாவது தள்ளி வையுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள தரையும் முதல் ஆறடிக்கு நாலு அங்குலம் வெளிப்பக்கம் சரிய வேண்டும்.

இதற்கும் அடங்காவிட்டால்தான் வடிகால். கட்டி முடித்த வீட்டில், உள்ளே சுவரோரமாக ஓரடி அகலத்துக்குத் தரையை வெட்டுங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது, சுவர் இறங்கிவிடும். பள்ளத்தில் வடிகட்டித் துணி விரித்து, 20 மி.மீ. ஜல்லி போட்டு, துளையிட்ட 4 அங்குல பி.வி.சி. குழாயை மீட்டருக்கு 1 செ.மீ. சரிவில் பதியுங்கள். துளைகள் கீழ்நோக்கி இருக்கட்டும். நீர் அடியிலிருந்துதான் ஏறுகிறது. மேலேயும் ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூடிவிட்டுக் கான்கிரீட் போடலாம். துணியை விட்டுவிட்டால் கரிசல் மண் சில மழைக்காலத்திலேயே ஜல்லியை அடைத்துவிடும். மூலைக்கு மூலை, குழாயைக் கழுவத் திறப்பு வையுங்கள்.

குழாய் போய்ச் சேருவது தரைக்குள் உறை இறக்கிய, இரண்டடி விட்டமுள்ள தொட்டி. அங்கிருந்து மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். தொட்டியில் 1 செ.மீ. ஏறினால் ஏறத்தாழ 2.9 லிட்டர். மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு நிமிடத்தில் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று அளந்தால் ஊற்றின் வேகம் தெரியும். தெரு மட்டம் வரை ஏற்றும்போதும் அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளும் மோட்டாராக வாங்குங்கள். மிதவை சுவிட்ச் வேண்டும். வெளியேறும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாவிட்டால் தள்ளிய தண்ணீர் திரும்பி வரும். கனமழையில் முதலில் போவது கரண்ட் என்பதால் இன்வெர்ட்டர் இணைப்பும் தேவை. ஐப்பசிக்கு முன்னால் தொட்டியில் போதுமான தண்ணீர் ஊற்றி, மிதவை ஏறி மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் இந்த ஏற்பாடு தாங்காது, அறை நிறைந்துவிடும். மெயினை அணைக்காமல் உள்ளே இறங்காதீர்கள். அவசரப்பட்டு இறைத்துக் கொட்டவும் வேண்டாம். வெளியே மண் ஊறி நிற்கும்போது, உள்ளே நிற்கும் தண்ணீர்தான் சுவரையும் தரையையும் எதிர்ப்பக்கம் தாங்கிப் பிடிக்கிறது. தெருவில் தண்ணீர் வடிந்த பிறகு ஓரடி இறைத்து, சுவரில் கோடு போட்டு ஓர் இரவு விடுங்கள். விடிந்து பார்க்கும்போது மட்டம் திரும்ப ஏறியிருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். ஏறாவிட்டால் நாளுக்கு இரண்டடி வீதம் இறைக்கலாம்.