நான்கு மானிட்டர், நான்கு கடிகாரம்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பனியன் துணிக்கு பிரிண்ட் டிசைன் போடுபவர். மேசையில் மூன்று மானிட்டர் வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், போன மாதம் நான்காவதாக ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார். பழைய மூன்றும் 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிப்பவை; புதியது 144. அன்றிலிருந்து தொல்லை. எதையும் திறக்காமல் கம்ப்யூட்டரைச் சும்மா வைத்திருந்தாலும் கிராஃபிக்ஸ் கார்டு சூடாகிறது, ஃபேன் இரைகிறது. நான்காவதைப் பிடுங்கினால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. கார்டு பழுது, மாற்றிவிடலாம் என்கிறார் கடைக்காரர். மாமனார் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார்: மின்சாதனம் அக்னி மூலையில் இருக்க வேண்டியது, வாயு மூலையில் வைத்ததால்தான் காற்றாடி அப்படி இரைகிறதாம். இருவரில் யார் சொல்வது சரி, இந்த நிலையில் ஆறு மானிட்டர் வரை போகலாமா என்று கேட்டிருந்தார்.

இருவர் சொல்வதும் சரியில்லை. ஆனால் வாயு மூலைக்கும் காற்றாடிக்கும் முடிச்சுப் போட்ட மாமனாரின் கற்பனையை ரசித்தேன். கடைக்காரரிடம் அதுகூட இல்லை.

முதலில் சந்தேகம் எதன்மேல் வரும்? திரை கூடினால் வேலை கூடும், வேலை கூடினால் சூடு கூடும் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். திரையில் தெரிய வேண்டிய படம் முழுவதும் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் இருக்கிறது. 1920க்கு 1080 என்றால் 20,73,600 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட். அதை வினாடிக்கு 60 தடவை படித்துக் கேபிளில் அனுப்ப வேண்டும். படம் அசையாவிட்டாலும் சரி, நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தாலும் சரி, 60 தடவை. மொத்தம் வினாடிக்குச் சுமார் 50 கோடி பைட். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 120 கோடி. நான்கையும் கூட்டினால் 270 கோடி. பெரிய எண்தான். ஆனால் இன்றைய சாதாரண கார்டின் நினைவகமே வினாடிக்கு 20,000 கோடி பைட்டுக்கு மேல் படிக்கக்கூடியது. நான்கு மானிட்டருக்கும் சேர்த்து அதன் பலத்தில் ஒன்றரை சதவீதம்கூடச் செலவாகவில்லை. ஆகவே சுமை காரணமில்லை.

காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போக வேண்டும்.

லோயர், ஹையர் எழுதியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு வரி முடியப் போகும்போது டிங் என்று மணி அடிக்கும். இடது கையால் லீவரைத் தள்ளி வண்டியை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு நொடியில் எழுத்து எதுவும் விழாது. பக்கம் முடிந்தால் தாளை உருவிப் புதுத் தாள் சொருக வேண்டும், அதற்கு இன்னும் கொஞ்சம் நேரம். பழைய பிக்சர் டியூப் டிவி இதே வேலையைத்தான் செய்தது. எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு வரையும், அப்புறம் அணைந்து, இடது ஓரத்துக்குத் திரும்பும், அடுத்த கோடு. கடைசிக் கோடு முடிந்ததும் அணைந்தபடியே கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்குப் போகும். கற்றையை வளைப்பவை காந்தச் சுருள்கள், அவற்றில் மின்னோட்டத்தை நினைத்த மாத்திரத்தில் திருப்ப முடியாது. அதனால் திரும்பி வரும் நேரத்துக்கென்று சிக்னலிலேயே இடம் விட்டார்கள்.

பிக்சர் டியூப் ஒழிந்தது. எல்சிடியில் கற்றையும் இல்லை, காந்தமும் இல்லை. ஆனால் அந்தக் காலி நேரம் போகவில்லை. இன்றும் உங்கள் 1920 x 1080 மானிட்டருக்கு எச்டிஎம்ஐ கேபிளில் போவது 2200 x 1125 அளவுள்ள படம்! ஒவ்வொரு வரிக்கும் 280 பிக்சல் காலி, ஒவ்வொரு படத்துக்கும் 45 வரி காலி. 24,75,000 இடங்களில் 4,01,400 இடங்கள் வெறும் இருட்டு. எப்போதோ செத்துப்போன ஒரு எலக்ட்ரான் கற்றை வீடு திரும்ப நாம் இன்னும் வழிவிட்டு நிற்கிறோம். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்திலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அதுவும் வெறுமனே வீணாகவில்லை. எச்டிஎம்ஐ வடிவமைத்தவர்கள் இந்தக் காலி இடத்தில் ஒலியை ஏற்றி அனுப்பினார்கள். டிவியில் நீங்கள் கேட்கும் பாட்டு, கற்றை ஓய்வெடுத்த இடைவெளியில் பயணம் செய்து வருகிறது.

சரி, சூட்டுக்கு வருவோம்.

கார்டின் நினைவகம் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப ஓடுகிறது. வேலை இருந்தால் வேகமான துடிப்பு, இல்லாவிட்டால் மெதுவான துடிப்பு. சும்மா இருக்கும்போது துடிப்பைக் குறைத்தால் மின்சாரம் மிச்சம், சூடும் இல்லை. ஆனால் வேகத்தை மாற்றும் அந்தக் கணத்தில் நினைவகத்தைப் படிக்க முடியாது. புதிய துடிப்பில் அது நிலைபெறச் சிறிது அவகாசம் வேண்டும். மானிட்டரோ காத்திருக்காது. 60 ஹெர்ட்ஸில் ஒரு வினாடிக்கு 14 கோடியே 85 லட்சம் இடங்கள் என்ற கணக்கில் வந்துகொண்டே இருக்க வேண்டும். தடைபட்டால் திரையில் பளிச்சென்று ஒரு கீறல் தெரியும். ஆக, நினைவகம் மூச்சுவாங்க ஒரே வழி, தாள் மாற்றும் அந்த 45 வரி நேரம். ஒரு வினாடியின் 60இல் ஒரு பங்கில் 1125க்கு 45, அதாவது 0.67 மில்லி வினாடி. நமக்குக் கண் இமைக்கக்கூடப் போதாது, நினைவகத்துக்குப் போதும்.

இன்ஸ்டிட்யூட்டில் மாஸ்டர் ஒரே பத்தியை உரக்க வாசிக்க, நான்கு மாணவர்கள் நிறுத்தாமல் அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டருக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்ள ஆசை. ஒருவர் தாள் மாற்றும்போது மற்ற மூவர் அடித்துக்கொண்டிருந்தால் வாசிப்பதை நிறுத்த முடியாது. நால்வரும் ஒரே வேகத்தில், ஒரே மணிக்குத் தொடங்கியிருந்தால் நால்வரும் ஒன்றாகத் தாள் மாற்றுவார்கள், அப்போது குடிக்கலாம். ஒருவர் மட்டும் 144 வேகத்தில் அடித்தால்? நான்கு இடைவெளிகளும் எப்போதாவது தற்செயலாகச் சேரலாம். அந்தத் தற்செயலை நம்பி, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் காத்திருப்பதில்லை. பேசாமல் நினைவகத்தை உச்ச வேகத்திலேயே ஓட விட்டுவிடுகிறது. மாஸ்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருக்கிறார். திருப்பூர் ஃபேன் இரைவது அதனால்தான்.

இது பழைய, மலிவான கார்டுகளின் குறையும் இல்லை. 2022 டிசம்பரில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 7900 வரிசைக் கார்டுகளில், சில வகை அதிவேக, அதிகத் துல்லிய மானிட்டர்களை மாட்டினால் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் அதிகம் இழுக்கிறது என்று அவற்றைத் தயாரித்த ஏஎம்டி நிறுவனம் தன் டிரைவர் குறிப்புகளிலேயே ஒப்புக்கொண்டு எழுதியது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. விண்டோஸில் மானிட்டர் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 60 என்றும் 59.94 என்றும் இரண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1953இல் அமெரிக்கா கறுப்பு வெள்ளை டிவிக்கு வண்ணம் சேர்த்தபோது, வண்ண சிக்னலும் ஒலி சிக்னலும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்த 59.94 இன்னும் சாகவில்லை. ஒரு மானிட்டரை 60இலும் பக்கத்து மானிட்டரை 59.94இலும் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய 16.7 வினாடிக்கு ஒரு தடவைதான் ஒன்றாகத் தாள் மாற்றும். மெனுவில் கவனிக்காமல் விட்ட ஒரு தசமப் புள்ளி, மின் கட்டணத்தில் வந்து நிற்கிறது.

ஆறு மானிட்டர் கேள்விக்கும் விடை கடிகாரத்தில்தான் இருக்கிறது. கார்டின் முதுகில் எத்தனை சொருகுமிடம் இருக்கிறது என்று எண்ணிப் பயனில்லை. உள்ளே படத்தைப் படித்து வெளியே அனுப்பும் இயந்திரங்கள் எத்தனை என்பதே கணக்கு. என்விடியா நிறுவனத்தின் ஜீஃபோர்ஸ் கார்டுகளில் 2012இல் வந்த ஜிடிஎக்ஸ் 680 முதல் அது நான்கு. அதற்கு முந்தைய தலைமுறையில் இரண்டுதான். ஏஎம்டி 2009இல் ஐஃபினிட்டி என்ற பெயரில் ஆறு மானிட்டர் ஓட்டும் சிப்பைக் கொண்டுவந்தது. அதை வாங்கி மூன்றாவது மானிட்டரை டிவிஐ என்ற பழைய வகைச் சொருகுமிடத்தில் மாட்டியவர்கள் ஏமாந்தார்கள்: திரை கறுப்பாகவே கிடந்தது.

ஏனென்றால் டிவிஐயும் எச்டிஎம்ஐயும் வந்த வழி அப்படி. கேபிளில் வண்ணம் போக மூன்று ஜோடிக் கம்பி, துடிப்பு போகத் தனியாக ஒரு ஜோடி. மானிட்டர் எந்த அளவோ அந்த அளவுக்கான துடிப்பைக் கார்டே தயாரித்துக் கொடுக்க வேண்டும். அதைத் தயாரிக்கும் பிஎல்எல் என்ற சுற்று அந்தச் சிப்பில் பழைய வகை மானிட்டர்களுக்கென்று இரண்டுதான் இருந்தது. மூன்றாவதற்குக் கடிகாரம் இல்லை. ஆனால் டிஸ்ப்ளேபோர்ட் என்ற புதிய வகைச் சொருகுமிடத்தில் மாட்டிய ஆறு மானிட்டரை அதே சிப் ஓட்டியது. டிஸ்ப்ளேபோர்ட்டில் எந்த மானிட்டராக இருந்தாலும் கம்பியில் வேகம் நிலையானது: ஒரு ஜோடியில் வினாடிக்கு 1.62, 2.7, 5.4 கிகாபிட் என்பதுபோல் முன்பே விதித்த சில வேகங்களில் ஒன்று. இதை ஒரு ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மானிட்டரானால் பெட்டிகள் பாதி காலியாக ஓடும், அவ்வளவுதான். ரயில் ஒரே வேகத்தில் போகும். பிக்சல் எந்த வேகத்தில் விழ வேண்டும் என்பதை இரண்டு எண்களாகக் கூடவே எழுதி அனுப்பிவிடுவார்கள். மானிட்டர் அதைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஒரே கடிகாரம் ஆறு கேபிளுக்கும் போதும். வெறும் கம்பி மாற்றித் தரும் அடாப்டரும், உள்ளே சிப் வைத்த ‘ஆக்டிவ்’ அடாப்டரும் விலையில் வேறுபட்டதன் காரணமும் இதுவே: முன்னது கார்டின் கடிகாரத்தைக் கேட்கும், பின்னது தன் சொந்தக் கடிகாரத்தோடு வரும்.

பிஎல்எல் என்றதும் கல்லூரி ஞாபகம். நான் படித்த இடத்தில் இந்தச் சுற்று கரும்பலகையிலேயே பிறந்து கரும்பலகையிலேயே இறந்தது. துடிப்பைக் கண்ணால் பார்க்க ஆசிலோஸ்கோப் ஒன்று இருந்தது, பூட்டிய அலமாரியில். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக்கொள்ள மட்டும் வெளியே வரும். 2021 டிசம்பரில் செமிகண்டக்டர் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது மத்திய அரசு. ஆலைகள் வரட்டும், நல்லது. அதில் ஒரு சிறு துளியை எடுத்து அலமாரிச் சாவியை மாணவர்கள் கையில் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

ஒரே டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து பல மானிட்டருக்குப் பிரிக்கவும் வழி உண்டு. 2010இல் வந்த 1.2 பதிப்பில் ரயிலை 64 பெட்டிகள் கொண்ட தொகுதிகளாகப் பிரித்தார்கள். முதல் பெட்டி ரயில்வே ஊழியருக்கு, அதாவது தொகுதியின் விவரம் சொல்லும் தலைப்புக்கு. மீதி 63 பெட்டிகளை மானிட்டர்களுக்கு முன்பதிவு செய்துகொள்ளலாம். 1920 x 1080 மானிட்டர் நான்கு தாராளமாக அடங்கும். இதற்கான கருவியின் பெயர் எம்எஸ்டி ஹப். கடையில் ‘ஸ்ப்ளிட்டர்’ என்று கொடுப்பது வேறு; அது ஒரே படத்தை இரண்டு திரையிலும் காட்டும், கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு ஹாலில் தாலி கட்டுவதைக் காட்டும் டிவிக்குத்தான் லாயக்கு. ஹப் போட்டாலும் கார்டுக்குள் இருக்கும் நான்கு இயந்திரம் ஐந்தாகாது என்பதையும் மறக்கக் கூடாது.

போகிற போக்கில் கேபிளையும் சொல்லிவிடுகிறேன். தங்க முலாம் பூசிய முனை இருந்தால் நிறம் தூக்கலாக இருக்கும் என்று விற்பார்கள். டிஜிட்டல் சிக்னலில் மட்டமான கேபிள் செய்யக்கூடியது, புள்ளி புள்ளியாகப் பொரிவதும் திரை விட்டுவிட்டு அணைவதும்தான். சிவப்பை வெளிறச் செய்ய அதற்குத் தெரியாது. தங்க முலாம் இன்றைய தாயத்து. கட்டிக்கொள்வதில் கெடுதல் இல்லை.

இனி திருப்பூர்க்காரருக்கு. முதலில் நான்கையும் 60க்கு வைத்துப் பாருங்கள், 59.94 எதுவும் இல்லாமல். அளவும் வேகமும் காலி நேரமும் அச்சாக ஒன்றாக இருந்தால் டிரைவரே தாள் மாற்றும் நேரத்தை ஒன்றாக்கிவிடும். 144 வேண்டும் என்று காசு கொடுத்து வாங்கியதை 60இல் ஓட்ட மனசு வராது என்றால், பழைய மானிட்டர்களில் ஒன்றிரண்டை மதர்போர்டின் பின்னால் உள்ள சொருகுமிடத்துக்கு மாற்றுங்கள். பிராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால், கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் மெனுவில் அதை இயக்கிவிட்டால் போதும். அந்த மானிட்டர்கள் கம்ப்யூட்டரின் பொது நினைவகத்திலிருந்து படிக்கும். கார்டுக்கு அத்தனை பேர் குறைவார்கள். ஐந்தாவது, ஆறாவது மானிட்டருக்கும் இதே வாசல்தான், புதுக் கார்டு தேவையில்லை. யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டரும் இருக்கிறது. அது படத்தைச் சுருக்கி அனுப்புவதால் மெயில் பார்க்கச் சரி, டிசைன் நிறம் பார்க்க வேண்டாம்.

மாமனார் சொன்னபடி மேசையை மட்டும் நகர்த்தாதீர்கள். நான்கு மானிட்டரின் வயரையும் பிடுங்கி, எது எங்கே போனது என்று குழம்பி, மறுபடி மாட்டுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும்.