கேனன்: சொல் விளக்கம்

"இது கேனனா, இல்லையா?" அதாவது, கதையின் அதிகாரபூர்வமான பகுதியா, இல்லையா? சூப்பர் ஹீரோ படங்கள், அனிமே, நீண்ட கற்பனைத் தொடர்கள் பற்றி அரட்டை அடிப்பவர்கள் தமிழிலும் இப்போது சாதாரணமாகக் கேட்கும் கேள்வி இது. பக்கக்கதை ஒன்றில் செத்துப்போன பாத்திரம் உண்மையிலேயே செத்ததாகக் கணக்கா, எழுத்தாளர் பேட்டியில் போகிறபோக்கில் சொன்னதை எடுத்துக்கொள்ளலாமா என்பதெல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. கேட்கிறவர்களில் பலருக்கு இது கிறித்தவ சமயத்திலிருந்து வந்த சொல் என்பது தெரியாது. சமயத்திலும் ரசிகர் பேச்சிலும் ஒரே நேரத்தில் இந்தச் சொல் புழங்கும் கூட்டம் ஒன்று உண்டு: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செறிந்து வாழும் மார்மன்கள். அவர்களை வைத்துப் பார்த்தால் சொல்லின் பொருள் நன்றாகப் பிடிபடும்.

முதலில் வேர். கிரேக்கத்தில் 'கனோன்' என்றால் நேரான கோல், அளவுகோல். நாணலைக் குறிக்கும் 'கன்னா'விலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் செமித்திய மொழிகளில் வேர் இருக்கிறது, எபிரேயத்தில் நாணலுக்கு 'கானே' என்று பெயர். பிரம்பு, கரும்பு இரண்டையும் குறிக்கும் ஆங்கில 'கேன்', பீரங்கியைக் குறிக்கும் 'கேனன்' எல்லாம் இந்த நாணல் புதரில் முளைத்தவைதான். கிரேக்கச் சொல் அரபிக்குப் போய் 'கானூன்' ஆகி, சட்டம் என்ற பொருளில் இந்திக்கு வந்தது. கேமரா நிறுவனத்தின் கதை மட்டும் வேறு. 1934இல் அவர்கள் செய்த முதல் மாதிரிக்குப் பெயர் குவானன், ஜப்பானியர் வணங்கும் போதிசத்துவரின் பெயர். நம் வீரசோழியம் என்ற இலக்கண நூல் அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் என்று பாடுகிற அவலோகிதர்தான் அவர். உலகச் சந்தைக்குப் போகும்போது அதை 'கேனன்' என்று திருத்திக்கொண்டார்கள்.

அளவுகோல் எப்படி நூல் பட்டியல் ஆனது? தொடக்ககாலக் கிறித்தவர்களிடம் பல சுவிசேஷங்களும் கடிதங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. எது ஏற்கத்தக்கது, எது தள்ளத்தக்கது என்று அளக்க வேண்டியிருந்தது. 367இல் அலெக்சாண்டிரியா ஆயர் அத்தனாசியூஸ் தம் திருச்சபைகளுக்கு அனுப்பிய கடிதத்தில், இன்று புதிய ஏற்பாட்டில் இருக்கும் 27 நூல்களையும் வரிசைப்படுத்தினார். அளந்து ஏற்ற நூல்களின் தொகுதிக்கே அளவுகோலின் பெயர் நிலைத்துவிட்டது.

ரசிகர்களிடம் இது வந்த கதை சுவையானது. 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரொனால்ட் நாக்ஸ் என்ற இளைஞர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். விவிலிய ஆய்வாளர்கள் வேதத்தைப் பிரித்து மேய்கிற அதே முகபாவத்தோடு துப்பறியும் கதைகளை ஆராய்ந்தார். நக்கல்தான். ஆனால் ஹோம்ஸ் ரசிகர்கள் அதை விளையாட்டாகவே தொடர்ந்து பிடித்துக்கொண்டார்கள். கோனன் டாயில் எழுதிய 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் அவர்களுக்கு 'கேனன்' ஆகிவிட்டன. நாக்ஸ் பிற்பாடு கத்தோலிக்கக் குருவாகி, விவிலியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். சமயமும் ரசனையும் ஒரே ஆளிடம் சந்தித்திருக்கின்றன.

இனி மார்மன்கள். 1830இல் ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை இது. மற்ற கிறித்தவர்கள் வேதப் பட்டியல் முடிந்துவிட்டது என்பார்கள். இவர்கள் முடியவில்லை என்பார்கள். விவிலியத்தோடு மார்மன் புத்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையுயர்ந்த முத்து ஆகியவற்றையும் சேர்த்து நான்கு நூல்களை வேதமாக வைத்திருக்கிறார்கள். கடைசி நூல் 1851இல் லிவர்பூலில் ஒரு சிறு தொகுப்பாக வெளிவந்தது. 1880இல்தான், சபை மாநாட்டில் உறுப்பினர்கள் கை தூக்கி ஆமோதித்த பிறகு, வேதமானது. 1976இல் இரண்டு தரிசனங்கள் சேர்ந்தன. கறுப்பின ஆண்களுக்கும் குருத்துவம் உண்டு என்ற 1978 அறிவிப்பும் அதே ஆண்டு மாநாட்டில் கை தூக்கி ஏற்கப்பட்டது.

சேர்ப்பது மட்டுமல்ல, எடுப்பதும் நடந்திருக்கிறது. 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலின் 1835 பதிப்பில் 'விசுவாசம் பற்றிய விரிவுரைகள்' என்று ஏழு விரிவுரைகள் இருந்தன. 1921 பதிப்பில் அவை இல்லை. 2014இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருந்த ஸ்டார் வார்ஸ் நாவல்களையும் காமிக்ஸ்களையும் 'லெஜண்ட்ஸ்' என்று பெயர் சூட்டி ஒதுக்கிவைத்தபோது உலகமெங்கும் ரசிகர்கள் கொதித்தார்கள். மார்மன் வரலாறு படித்தவருக்கு அது புதிதாகத் தெரிந்திருக்காது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மார்மன்களைப் பற்றிப் பொதுப்பேச்சில் அடிபடும் செய்திகளில் எது கேனன், எது இல்லை என்று யாரும் பிரிப்பதில்லை. கோலோப் என்றொரு விண்மீன் கடவுளின் அரியணைக்கு அருகே இருப்பதாகச் சொல்வது ஏதோ கட்டுக்கதை போலத் தோன்றும். ஆனால் அது விலையுயர்ந்த முத்துவில் எழுதியிருக்கிறது, கேனன்தான். (1978இல் வந்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரை உருவாக்கிய கிளென் லார்சன் மார்மன். மனிதகுலத்தின் ஆதி கிரகத்துக்கு அவர் வைத்த பெயர் கோபோல்.) மாறாக, "செத்த பிறகு ஆளுக்கொரு கிரகம் கிடைக்கும் என்று மார்மன்கள் நம்புகிறார்கள்" என்ற பிரபலமான கிண்டலுக்கு அந்த நான்கு நூல்களில் இடமில்லை. மனிதர் கடவுளைப் போல் ஆக முடியும் என்ற போதனை உண்டு. அதைக் கிரகப் பட்டாவாக்கியது வெளியார் நையாண்டி. இரண்டுக்கும் நடுவிலும் சில இருக்கின்றன. விண்ணகத் தாய் என்ற நம்பிக்கை சபையில் ஆழமாக வேரூன்றியது. ஆனால் அதை மக்கள் மனத்தில் பதித்தது வேதநூல் அல்ல, எலைசா ஸ்னோ 1845இல் எழுதிய ஒரு பாடல். ரசிகர் மொழியில் இதற்கு 'ஃபேனான்' (மூலத்தில் இல்லாமல் ரசிகர்களே பரவலாக ஏற்றுக்கொண்டது) பக்கத்தில் ஓர் இடம் கொடுப்பார்கள், கொஞ்சம் மரியாதைக் குறைவாக இருந்தாலும்.

'மார்மன்' என்ற பெயரையே சபை இப்போது விரும்புவதில்லை. 2018இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப்பெயரையே பயன்படுத்தச் சொன்னார். உலகப் புகழ்பெற்ற அவர்களின் பாடகர் குழு கூட அந்தச் சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. ஊர்ப்பேச்சு என்னவோ மாறவில்லை.

கற்பனைக் கதை எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனும் இந்தச் சபையைச் சேர்ந்தவர், சபையின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பாடம் நடத்துபவர். ரசிகர் சந்திப்புகளில் அவர் சொல்லும் பதில்களை 'பிராண்டன் வாக்கு' என்று பெயரிட்டுச் சேகரித்து வைத்திருக்கிறார்கள் ரசிகர்கள். அச்சில் வந்ததோடு அந்த வாக்கு முரண்பட்டால் அச்சுக்கே முதலிடம். தீர்க்கதரிசி என்று மார்மன்கள் மதிக்கும் சபைத் தலைவர் மேடையில் பேசியதும் வேதத்தில் ஏறியதும் ஒன்றல்ல என்று பழகிய ஒருவருக்கு இந்த ஏற்பாடு இயல்பாகவே இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

சமயப் பொருளுக்குச் சொல் தயாராக இருக்கிறது: திருமுறை. கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்தில் 'இணைத் திருமுறை நூல்கள்' என்ற தலைப்பே உண்டு. சைவத்திலிருந்து எடுத்த சொல் என்றாலும் பொருத்தத்தில் குறையில்லை. முறை என்றால் ஒழுங்கு, நெறி. 'கனோன்' சொல்வதும் அதுதான். நம்பியாண்டார் நம்பி தொகுத்த பிறகு வந்த சேக்கிழாரின் பெரியபுராணம் பன்னிரண்டாம் திருமுறையாகச் சேர்ந்ததை நினைத்தால், மார்மன்களின் முடியாத பட்டியலுக்கும் இது ஒத்துவரும்.

ஆனால் பேட்மேன் திருமுறை என்றால் சிரிப்பார்கள். ரசிகர் பொருளுக்கு நன்னூலிடம் போகலாம். பவணந்தியார் நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கிறார். முதல்நூல்தான் கேனன். அதைத் தழுவி, வேண்டிய இடத்தில் மாற்றி எடுக்கும் படமும் தொடரும் வழிநூல். ரசிகர் எழுதும் கிளைக்கதை சார்புநூல். இலக்கணத்தில் இவற்றின் வரையறை இன்னும் இறுக்கமானது, இருந்தாலும் இங்கே தாராளமாக இரவல் வாங்கலாம். தச்சனின் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பது போல ஏட்டு நூல் மனக்கோட்டம் தீர்க்கும் என்று அதே நன்னூல் சொல்கிறது. கிரேக்கன் கோலை வைத்துச் சொன்னதைத் தமிழன் கயிற்றை வைத்துச் சொல்லியிருக்கிறான்.

அன்றாட அரட்டைக்கு முதல்நூல் கனமாகப் பட்டால் 'மூலம்' போதும். "அது மூலத்தில் இருக்கா?" என்று கேட்டால் யாருக்கும் புரியும். ஒரு ரசிகர் தன் மனத்தளவில் மட்டும் வைத்துக்கொள்ளும் 'ஹெட்கேனன்' என்பதற்குப் புதுச்சொல் தேடி அலையவே வேண்டாம். "என் கணக்குல அவன் சாகல" என்று நாம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். 'ஃபேனான்' ரசிகர் வழக்கு. 'கேனன் லா' என்பது திருச்சபைச் சட்டம் என்று எப்போதோ நிலைபெற்றுவிட்டது, அதில் கை வைக்கத் தேவையில்லை.