ஒரு பவுண்டு பூத்: கையெழுத்துப் போடும் முன்

ஊரின் சிவப்பு டெலிபோன் பூத் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கிறது, அதனால் உள்ளே இருக்கும் போனை யாரும் அகற்ற முடியாது என்று இங்கிலாந்துக் கிராமங்களில் பலர் நம்பி ஏமாந்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் காப்பாற்றுவது 1935-இல் வடிவமைக்கப்பட்ட அந்த வார்ப்பிரும்புக் கூண்டை மட்டுமே.

போனுக்கு, பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2022-இல் வகுத்த விதிகள் வேறு. நான்கு மொபைல் நெட்வொர்க்குகளில் ஏதாவது ஒன்றுக்குச் சிக்னல் இல்லாத இடம், விபத்தோ தற்கொலையோ அதிகம் நடக்கும் இடம், ஓராண்டில் 52-க்கும் மேல் அழைப்புகள் போன பூத்: இவற்றில் ஒன்று பொருந்தினாலும் அகற்றக் கூடாது. போனை அகற்றப்போவதாகப் பூத்தில் நோட்டீஸ் ஒட்டினால் அன்றே படம் எடுத்துக்கொண்டு, மாவட்டக் கவுன்சிலுக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள்.

போனை அகற்றிய பிறகு கூண்டை ஒரு பவுண்டுக்குத் தத்தெடுக்கும் திட்டம், பூத்களை நடத்தும் பி.டி. தொலைபேசி நிறுவனத்தில் 2008 முதல் இருக்கிறது. ஆனால் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்காது. பாரிஷ் கவுன்சில் (ஊர் அளவிலான உள்ளாட்சி மன்றம்), பதிவு பெற்ற அறக்கட்டளை, அல்லது கூண்டு நிற்கும் நிலத்தின் சொந்தக்காரர் கேட்க வேண்டும்.

பெரிய பொறி இனிமேல்தான். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் புத்தக அலமாரி வைக்க பாரிஷ் கவுன்சில் சரி என்றது. இரும்பில் துளை போட்ட பிறகு மாவட்டக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. பாரிஷ் தலையாட்டினால் அது அனுமதி ஆகாது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்துக்கான ஒப்புதலை மாவட்டத்தின் திட்டமிடல் பிரிவுதான் தரும். கட்டணம் கிடையாது. ஒப்புதல் இல்லாமல் கூண்டின் தன்மையை மாற்றினால் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். சிறைத் தண்டனைகூட உண்டு. அந்த ஊர்க்காரர்களை ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசைக்கு அனுப்பியது. அதற்குள் கதவின் தோல்பட்டை இற்றுப்போய், அடிப்பக்கத் துரு விரல் பட்டாலே உதிர்ந்தது.

ஆகவே அலமாரியோ, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியோ, எதை மாட்டுவதானாலும் 'இதற்கு ஒப்புதல் வேண்டுமா?' என்று மாவட்டத்தின் பாரம்பரியக் கட்டட அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் சொன்னதை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கையெழுத்தான நாள் முதல் பராமரிப்புச் செலவு தத்தெடுத்தவர் தலையில்தான். விளக்குக்கான மின்கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உப்புத்தாளால் உலரத் தேய்க்காதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.