சிலைக்கு ஏசி எதற்கு?

திருவெண்காட்டு மண்ணுக்குள் கிடந்து, இன்று தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கும் ரிஷபவாகனர் 1011-ஐ ஒட்டி வார்க்கப்பட்டவர். இப்படிப் புதைந்து கிடைத்த செப்புத் திருமேனிகளுக்கு வெயிலைவிட ஈரமே பகை. மண்ணின் உப்பு செம்போடு கலந்து குப்ரஸ் குளோரைடாக உள்ளே தங்கியிருக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 42 விழுக்காட்டைத் தாண்டினால், அது ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து இளம்பச்சைப் பொடியாகப் பூக்கத் தொடங்கும். கூடவே அமிலமும் பிறந்து மேலும் செம்பை அரிக்கும். வெண்கல நோய் என்பது இதுதான். டெல்டாவிலோ ஐப்பசி அடைமழையில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தாண்டும்.

ஏசி போட்டால் போயிற்று என்பார்கள். பகலில் ஓடவிட்டு மாலையில் அணைக்கிற ஏசியைவிட, இல்லாத ஏசியே மேல். மழைக்கால மாலையில் 28 டிகிரி, 85 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் கன மீட்டருக்கு 23 கிராம் நீராவி இருக்கும். ஏசி குளிர்வித்த 24 டிகிரிக் காற்றோ 22 கிராமுக்கு மேல் தாங்காது. கதவிடுக்கில் நுழையும் வெளிக்காற்று குளிர்ந்த சிலையைத் தொட்டதும், மிச்ச நீர் அதன் மேனியிலேயே வியர்க்கும். மின்கட்டணம் கட்டி நோயை வரவழைப்பதற்கு இது சமம்.

மேலும், ஓலைச்சுவடிக்கு 50 விழுக்காட்டை ஒட்டிய ஈரம் வேண்டும். அதற்கு வெகு கீழே காய்ந்தால் ஓலை நொறுங்கும். சிலையையும் சுவடியையும் ஒரே கூடத்தில் வைத்தால் யாருக்காகக் கூடத்தை உலர்த்துவது? ஆகவே காற்றுப்புகாத கண்ணாடிப் பெட்டி, அடித்தட்டில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். சிலைப் பெட்டியில் நன்கு உலர்த்திய ஜெல். சுவடிப் பெட்டியில் 50 விழுக்காட்டுக்குப் பதப்படுத்திய ஜெல். ஈரம் மிகுந்தால் உறிஞ்சும், குறைந்தால் விடும், மின்சாரம் வேண்டாம். நிறைந்த ஜெல்லை அடுப்பில் சுமார் 120 டிகிரியில் காய்ச்சி மறுபடி பயன்படுத்தலாம். கூடத்தின் வெப்பத்தை அரண்மனையின் தடித்த செங்கல் சுவரே பெருமளவு மட்டுப்படுத்தும்.

விளக்கு எளிய சங்கதி: 50 வாட் ஹாலஜனுக்குப் பதில் 7 வாட் எல்இடி. சுவடிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) போதும்.

வில்லங்கம் பெட்டி செய்யும் பலகையில்தான். மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் மலிவான எம்டிஎஃப் பலகை அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளைக் கசியவிடும். மூடிய பெட்டிக்குள் அவை போக வழியின்றித் தேங்கி உலோகத்தைத் தின்னும். கண்காட்சி முடிந்தால் பலகையும் ஃபிளெக்ஸ் பேனரும் குப்பைக்குப் போகும். திருகிக் கழற்றி மீண்டும் பூட்டும் அலுமினியச் சட்டம் பல கண்காட்சிகளுக்கு உழைக்கும். பின்னணிக்குக் கோரைப்பாயும் கைத்தறித் துணியும் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. ஆனால் உள்ளூர்ப் பொருள் என்பதாலேயே அது சாதுவாகிவிடாது. பாயின் சாயமும் கெடுக்கலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1973-இல் ஆண்ட்ரூ ஆடி வகுத்த சோதனை இதற்கு உதவும்: பாயின் துண்டோடு வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளையும் கொஞ்சம் நீரையும் குழாயில் அடைத்து, 60 டிகிரியில் 28 நாள் வைக்க வேண்டும். தகடு நிறம் மாறினாலோ அரித்தாலோ அந்தப் பாயைப் பெட்டிக்குள் விடாமல், வெளியே பார்வையாளர் உட்கார விரித்துவிடலாம்.