நோயாளி தரும் மதிப்பெண்

நியூசிலாந்தில் செவிலியர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் தம் மகளைப் பற்றி மதுரை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஊசி போடவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் நன்றாகத் தெரிந்த பெண்ணை, ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்றொரு பாடத்தையும் முடிக்கச் சொல்கிறார்களே, வேற்றினத்தாரின் பழக்கவழக்கங்களை மனப்பாடம் செய்வதால் நோய் எப்படிக் குணமாகும் என்பது அவருடைய கேள்வி. மனப்பாடம் போதாது, சில நேரம் தீங்கும் செய்யும் என்று கண்டவர்கள் உருவாக்கிய பாடம் அது என்பதால், இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

நியூசிலாந்தின் தொல்குடியான மாவோரி மக்கள் இன்று அந்நாட்டில் சிறுபான்மையினர். அவர்களுடைய சராசரி ஆயுள் மற்றவர்களைவிடச் சுமார் 7 ஆண்டுகள் குறைவு. இதற்கு வறுமை, வீட்டு வசதியின்மை, புகைப்பழக்கம் எனப் பல காரணங்கள் உண்டு. மருத்துவமனை வாசலை மிதிக்கவே தயங்குவதும் அவற்றோடு சேர்கிறது. மாவோரி மரபில் தலை ‘டாபு’, அதாவது தீண்டக்கூடாத புனிதம். தலைக்கு வைத்த தலையணையையே காலுக்கும் முட்டுக்கொடுத்தால் அது அவமதிப்பு. அதனால் அந்நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் தலைக்கான தலையணைக்கு ஒரு நிற உறையும், உடலின் பிற பகுதிகளுக்கானதற்கு வேறு நிற உறையும் போடுகிறார்கள். ‘ஃபெனுவா’ என்ற மாவோரிச் சொல்லுக்கு நிலம் என்றும் நஞ்சுக்கொடி என்றும் இரண்டு பொருள் உண்டு. குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியை முன்னோர் மண்ணில் புதைப்பது அவர்கள் வழக்கம். அதைக் கேட்காமல் கழிவோடு சேர்த்து எரித்துவிட்டால் தாயின் மனம் என்ன பாடுபடும் என்பது, நஞ்சுக்கொடியைப் பார்த்துப் பார்த்துப் புதைத்த பாட்டிமாரைக் கண்ட நமக்கு எளிதில் விளங்கும்.

1988இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில், சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்று ஒரு மாவோரி மாணவி கேட்டார். இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரிச் செவிலியர் அந்தக் கேள்வியை ஒரு கொள்கையாகவே வளர்த்தெடுத்தார். 1992இல் நியூசிலாந்து செவிலியர் மன்றம் அதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. கிடைத்த பராமரிப்பு பாதுகாப்பானதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அதைப் பெற்ற நோயாளியே என்பது அதன் மையக்கருத்து.

இந்தத் தலைகீழ் மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு, அமெரிக்க மருத்துவர்களான மெலனி டெர்வலானும் ஜேன் மரே-கார்சியாவும் 1998இல் எழுதிய கட்டுரையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அறுவைச் சிகிச்சை முடிந்த சில மணி நேரத்தில் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் ஒருவர் வலியால் முனகிக்கொண்டிருக்கிறார். அதே வம்சாவளியைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், இவருக்குக் கடுமையான வலி இருப்பதாகத் தெரிகிறதே என்கிறார். இந்த மக்கள் வலியை மிகைப்படுத்திக் காட்டுவார்கள் என்று பண்பாட்டுப் பாடத்திலேயே படித்திருக்கிறேன் என்று செவிலியர் அதைத் தள்ளிவிடுகிறார். எந்தப் பயிற்சி அந்த நோயாளியைக் காத்திருக்க வேண்டுமோ, அதுவே செவிலியரின் காதை அடைத்துவிட்டது.

களைத்த மூளை ஒவ்வொரு முகத்தையும் புதிதாக ஆராய்வதில்லை; பெயர், நிறம், பேச்சு ஆகியவற்றைக் கொண்டு ஆளை ஒரு வகைக்குள் போட்டு, அந்த வகைக்கு உரியவை என்று தான் நம்பும் குணங்களால் இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. பிறகு காண்பவை எல்லாம் அந்த நம்பிக்கைக்குச் சான்றாகவே தோன்றுகின்றன. செவிலியரின் குரலில் ஏறிய சலிப்பை நோயாளி உடனே உணர்ந்து பேச்சைக் குறைக்கிறார். பேச்சு குறையக் குறைய, இட்டு நிரப்ப மூளைக்கு இன்னும் இடம் கிடைக்கிறது. தன்னைத் தானே ஊட்டி வளரும் இந்தச் சுழலில் மனப்பாடப் பட்டியலும் தீனியாகிவிடும். ஆனால் ஒரு கேள்வி அதை அறுத்துவிடும். மானுடவியலாளரும் மனநல மருத்துவருமான ஆர்தர் கிளைன்மன் 1978இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அத்தகைய கேள்விகளைத் தொகுத்தார்: இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் இப்போது தொடங்கியது? இதில் உங்களுக்கு மிகவும் அச்சம் தருவது எது? இவற்றுக்கான விடை எந்த வகைக்குள்ளும் முன்கூட்டியே இருக்க முடியாது. எதிரில் இருப்பவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

சிகிச்சைக்கு வராதவரை மூடநம்பிக்கைக்காரர் என்று முடிவுகட்டும் அவசரம் நம் ஊரிலும் அதிகம். எச்.ஐ.வி. தொற்றுள்ள மகனை ஒழுங்காக மருத்துவமனைக்கு அழைத்துவராத மெக்சிக்கோத் தந்தை ஒருவரைப் பற்றி கிளைன்மன் பின்னாளில் எழுதினார். நோயைப் பற்றிய அவருடைய நம்பிக்கைதான் தடை என்று மருத்துவர்கள் கருதினார்கள். அவரோ நோயை நன்கு புரிந்திருந்தார், குறைந்த கூலிக்கு இரவுப் பணி பார்த்த பேருந்து ஓட்டுநரான அவருக்கு நேரம்தான் இல்லை.

இப்பயிற்சிகளால் உடல்நலம் எவ்வளவு மேம்படுகிறது என்பதற்கு வலுவான சான்று இன்னும் குறைவு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்புக்குக் கிடைத்தவை 5 சோதனைகள் மட்டுமே; அவற்றில் 337 மருத்துவப் பணியாளர்களும் சுமார் 8,400 நோயாளிகளும் இடம்பெற்றனர், சான்றின் தரமும் தாழ்ந்ததாகவே மதிப்பிடப்பட்டது. பயிற்சி நடத்தக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது, ஓராண்டு கழித்து அந்த நோயாளிகளின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்க்கும் ஆய்வுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகரின் மகள் தலையணை உறைகளின் நிறத்தை ஒரே நாளில் கற்றுக்கொள்வார். ஆனால் ராம்ஸ்டன் வகுத்த வழியில், செவிலியர் முதலில் ஆராய வேண்டியது தன்னைத்தான். மதுரைப் பெண் அந்தத் தன்னாய்வை, தம் தெருவில் யாருக்கு எந்தக் குவளையில் தண்ணீர் தந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம்.