குவாண்டம் புலக் கோட்பாடு: ‘புலம்’ என்ற சொல்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்து உணவகத்தில், முதுநிலை இயற்பியல் படிக்கும் தமிழர்கள் மூவர் சேர்ந்து உட்காருவோம். ஒருவர் மதுரைக்காரர், ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் சிங்கப்பூரின் ஈசூனில் வளர்ந்தவன். துகள்களைப் புலத்தின் அதிர்வுகளாகப் பார்க்கும் குவாண்டம் புலக் கோட்பாடு எங்கள் பாடம்; அது ஆங்கிலத்தில்தான் நடக்கும். கணக்கு சிக்கிக்கொண்டால் பேச்சு தமிழுக்கு வந்துவிடும். மதுரைக்காரர் ‘குவாண்டம்’ என்றால் யாழ்ப்பாணத்து நண்பர் தான் பள்ளியில் படித்த ‘சத்திச்சொட்டு’ என்பார். ‘ஃபீல்ட்’ என்பதற்கு மட்டும் இருவரிடமும் ஒரே சொல்: புலம்.

சிங்கப்பூரில் இந்தச் சொல்லைப் ‘புலம்பெயர்ந்தோர்’ என்பதில் அடிக்கடி கேட்கிறோம். அங்கே புலம் என்றால் இடம், நாடு. ‘தென்புலத்தார்’ என்பதிலும் அதே பொருள்தான். ‘மிச்சில் மிசைவான் புலம்’ என்னும் 85ஆம் குறளில் அது விதைக்கிற நிலம். ஐம்புலன் என்று சொல்லும்போது நாம் உணரும் வழிகள் ஐந்தும் அதற்குள் வந்துவிடுகின்றன.

ஆங்கிலச் சொல்லுக்கும் வயல்தான் மூலம். 1845இல் மைக்கேல் ஃபாரடே அதைக் காந்தத்துக்குப் பயன்படுத்தினார். காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூளைத் தூவினால் தூள் கோடு கோடாக ஒழுங்குபட்டு நிற்கும். காந்தம் தொடாத இடத்திலும் ஏதோ பரவியிருக்கிறது என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். சாங்கியில் 31 டிகிரி, ஜூரோங்கில் 33 என்று தீவின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொண்டால் அது வெப்பநிலைப் புலம். எண்ணோடு திசையும் சேர்ந்தால், காற்றைப் போல, வெக்டர் புலம்.

சரி, குவாண்டம் எங்கே நுழைகிறது? பாடத்தின் முதல் சில வாரங்கள் இதிலேயே போய்விடும். புலத்தின் அதிர்வைத் தனித்தனி அலைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு சீரிசை அலையியற்றி, அதாவது ஊஞ்சலைப் போல ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் ஆடுவது. அதன் ஆற்றல் படிப்படியாகத்தான் ஏறும், பாதிப்படியில் நிற்காது. ஒரு படி ஏற்றினால் ஒரு துகள் பிறக்கிறது, இறக்கினால் ஒன்று மறைகிறது. கணக்கில் அந்த ஏற்றத்தைச் செய்யும் குறியீடு ஆக்கச் செயலி, இறக்கத்தைச் செய்வது அழிப்புச் செயலி. மின்காந்தப் புலத்தில் ஒரு படி என்பது ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள். அணு ஒளியை உமிழ்வதையும் உறிஞ்சுவதையும் 1927இல் இயற்பியலாளர் பால் டிராக் இந்த வழியில்தான் விளக்கினார்.

இங்கேதான் புலம் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ‘துகள்’ என்றதும் மனம் தூசியை, மணலை நினைக்கிறது. ஆனால் எலக்ட்ரான் என்பது எலக்ட்ரான் புலத்தில் விளைவது. உலகிலுள்ள எல்லா எலக்ட்ரான்களும் இம்மியும் வேறுபடாமல் இருப்பதற்குக் காரணம், அவை எல்லாமே ஒரே புலத்தின் விளைச்சல் என்பதே. இதை நான் முதன்முதலில் புரிந்துகொண்டது தமிழில்தான்.

சிலர் ‘களம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நெற்களம், போர்க்களம் என்று எல்லையிட்டு ஒரு வேலைக்காக ஒதுக்கிய இடமே களம். புலத்துக்கு அந்த வரப்பு இல்லை.

அப்புறம் குவாண்டம். ‘எவ்வளவு’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. அதற்குக் குவையம், துளிமம் என்ற சொற்களும் உண்டு. சத்திச்சொட்டு அழகான சொல்தான். ஆற்றல் சொட்டுச் சொட்டாக வருவதை அது நேராகக் காட்டிவிடுகிறது. ஆனால் புலத்தோடு சேர்க்கும்போது புலமே சொட்டுகளாக உடைந்து கிடப்பதுபோல ஒரு தோற்றம் வருகிறது. புலம் தொடர்ச்சியாகவே இருக்கிறது. படிகள் அதன் அதிர்வின் ஆற்றலில்தான். அதனால் குவாண்டம் என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, ‘குவாண்டம் புலக் கோட்பாடு’ என்று எழுதுகிறேன், நடுவில் வரும் ‘க்’ விடாமல். யாழ்ப்பாணத்து நண்பர் தன் குறிப்பேட்டில் ‘இலத்திரன் புலம்’ என்றும், மதுரைக்காரர் ‘எலக்ட்ரான் புலம்’ என்றும் எழுதுகிறார்கள். ஒருவர் குறிப்பை மற்றவர் வாங்கிப் படிப்பதில் எந்தத் தடங்கலும் இல்லை.